பாசல் ஃபாஸ்நாக்டுக்கு ஒரு நாள் பயணம்: ஃப்ரைபுர்க் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் போதும், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் படிக்கும் நம் மாணவர்களிடமிருந்து எனக்குச் செய்தி வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, பாசல் திருவிழாவுக்கு எப்படிப் போகணும்? விசா வேணுமா? வேஷம் போட்டுக்கணுமா?" நான் மூன்று வருடம் போய்வந்தவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் கேட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பாசல் ஃபாஸ்நாக்ட் என்றால் என்ன?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் தொடக்கத்தை ஒட்டி நடக்கும் திருவிழா. திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்குத் தொடங்கி வியாழக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு முடியும். மிகச் சரியாக 72 மணி நேரம். முகமூடியும் உடையும் அணிந்து, மேளமும் பிக்கோலோ என்ற சின்னக் குழலும் வாசித்தபடி ஊரே தெருவில் நடக்கும். சுமார் 20,000 பேர் பங்கெடுக்கிறார்கள் என்றும் ஏறக்குறைய 2 லட்சம் பேர் பார்க்க வருகிறார்கள் என்றும் யுனெஸ்கோ குறிப்பு சொல்கிறது. 2017இல் அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள்.

பங்கெடுப்பவர்கள் குழுக்களாகச் சேர்ந்திருப்பார்கள். குழுவுக்கு 'கிளீக்கே' என்று பெயர். ஒவ்வொரு கிளீக்கேவும் அந்த ஆண்டில் நடந்த ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு கேலி செய்யும். அரசியல்வாதி, வங்கி, நகராட்சி, யாரும் தப்ப முடியாது. அந்தக் கேலியைப் பெரிய விளக்குக் கூட்டில் ஓவியமாக வரைவார்கள், உடையாகத் தைப்பார்கள், பாட்டாக எழுதி நீளமான காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள்.

எந்தத் திங்கட்கிழமை? ரோஸ் மண்டேயா?

இல்லை. இங்கேதான் வருடா வருடம் யாராவது ஏமாந்து திரும்புகிறார்கள். கொலோன், ஃப்ரைபுர்க் ஊர்களில் பெரிய ஊர்வலம் நடக்கும் ரோஸ் மண்டே, தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனுக்கு முன்னால் வரும் திங்கள். பாசலில் சாம்பல் புதன் கழிந்து வரும் திங்கள். அதாவது சரியாக ஒரு வாரம் தள்ளி. 2027இல் பிப்ரவரி 15, 2028இல் மார்ச் 6.

ஏன் ஒரு வாரம் தள்ளி என்றால், 1091இல் பெனவெந்தோவில் கூடிய திருச்சபை மாநாடு வரை நாம் பின்னோக்கிப் போக வேண்டும். தவக்காலத்தின் 40 நோன்பு நாட்களில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கக் கூடாது என்று கணக்கு மாறியபோது, நோன்பின் தொடக்கம் முன்னே நகர்ந்தது. பாசல் பழைய நாளையே பிடித்துக்கொண்டது. 1529இல் ஊர் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக்கு மாறிய பிறகு நோன்பே போய்விட்டது, திருவிழா மட்டும் போகவில்லை. இவ்விழாவைப் பற்றிக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று 1376ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1356இல் பெரிய நிலநடுக்கம் வந்து ஊரை அழித்ததில் அதற்கு முந்தைய ஆவணங்கள் பெரும்பாலும் போய்விட்டன.

ஒரே ஒரு நாள்தான் போக முடியும். எந்த நாள் போகலாம்?

திங்கட்கிழமை. அதுவும் விடியற்காலை 4 மணிக்கு அங்கே நிற்கும்படி. இதற்கு 'மோர்கெஷ்ட்ராய்க்' என்று பெயர். வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

என் முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மார்க்ட்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குறுகலான சந்தில் நின்றிருந்தேன். தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஆனாலும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மார்டின் தேவாலய மணி நான்கு அடித்ததும் தெருவிளக்கு மொத்தமும் ஒரே நொடியில் அணைந்தது. கடை ஜன்னல் வெளிச்சமும் இல்லை. பக்கத்தில் நின்றவர் முகம் கூடத் தெரியாத இருட்டு. அந்த இருட்டுக்குள் எங்கிருந்தோ ஒரு குரல்: "மோர்கெஷ்ட்ராய்க்! முன்னே நட!" என்ற பொருளில் ஒரு கட்டளை. அடுத்த கணம் ஊரிலிருந்த அத்தனை குழுக்களும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிக்க ஆரம்பித்தன. இரண்டு ஆள் உயரமான விளக்குக் கூடு ஒன்று, உள்ளே ஒளியோடு, சந்தின் முனையில் திரும்பி எங்களை நோக்கி ஆடி ஆடி வந்தது. அதன் பின்னால் குழல்காரர்கள், அவர்கள் பின்னால் மேளக்காரர்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு சின்ன விளக்கு. என்னை உரசிக்கொண்டு போன ஒரு மேளக்காரரின் கையைப் பார்த்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். விரல் மூட்டெல்லாம் குளிரில் சிவந்திருந்தது. குச்சி மட்டும் துளி பிசகவில்லை. அந்த அதிர்வு தவில் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்தால் நெஞ்செலும்பில் படுமே, அப்படிப் பட்டது.

இந்த 4 மணி வழக்கத்துக்கு நகர அரசு முறையாக அனுமதி கொடுத்தது 1835இல். அப்போது கையில் தீப்பந்தம் பிடித்துப் போனார்கள். 1845இல் பந்தத்துக்குத் தடை வந்ததும் விளக்குக் கூடு செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் அழகு அந்தத் தடையிலிருந்து பிறந்தது.

4 மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் எப்படிப் போவது? இரவில் ரயில் உண்டா?

ஃப்ரைபுர்க்கிலிருந்து பாசல் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வட்டார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், விரைவு ரயிலில் அதைவிடக் குறைவு. மோர்கெஷ்ட்ராய்க் இரவில் சுவிட்சர்லாந்தின் பல ஊர்களிலிருந்து கூடுதல் ரயில்கள் விடுவார்கள். நம் பக்கத்திலிருந்து அந்த ஆண்டு என்ன ரயில் என்பதை இரண்டு வாரம் முன்பே அட்டவணையில் பார்த்துவிடுங்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு) வைத்திருப்பவர்கள் வட்டார ரயிலில் பாசல் பாடிஷர் பான்ஹோஃப் வரை போகலாம். அது சுவிஸ் மண்ணில் இருந்தாலும் ஜெர்மன் ரயில்வேயின் நிலையம். அங்கேயே இறங்கிவிடுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள, சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி நிலையம் வரை போக அந்த டிக்கெட் செல்லாது, போகவும் தேவையில்லை. பாடிஷர் நிலையத்திலிருந்து ரைன் ஆற்றின் நடுப்பாலத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. திருவிழா நேரத்தில் ஊர் நடுவே டிராம் ஓடாது அல்லது வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். அதனால் நடப்பதே நல்லது. கூட்டம் போகும் திசையில் போனாலே போதும்.

இரவு ரயில் ஒத்துவராவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அது இன்னும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலையே கிளம்பி லீஸ்டாலுக்குப் போங்கள். பாசல் எஸ்பிபி நிலையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரத்துக்குள் வரும் சின்ன ஊர். மோர்கெஷ்ட்ராய்க்குக்கு முந்தைய மாலை அங்கே 'கீன்பேசே' என்ற தீ ஊர்வலம் நடக்கும். பைன் மரக் கட்டைகளை ஒன்றாகக் கட்டிப் பெரிய துடைப்பம் போலச் செய்து, கொளுத்தி, தோளில் சுமந்து வருவார்கள். எரியும் விறகு வண்டிகளைப் பழைய கோட்டை வாசலுக்குள் இழுத்துக்கொண்டு ஓடும்போது தீ வாசலின் உச்சியை நக்கும். தெருவோரம் நின்றால் முகம் சுடும், அதனால் நைலான் ஜாக்கெட்டோடு முன்வரிசைக்குப் போகாதீர்கள். அதைப் பார்த்துவிட்டு பாசல் திரும்பி, 4 மணி வரை காத்திருக்கலாம். நீண்ட இரவுதான், அடுத்த நாள் பரீட்சை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

விசா வேண்டுமா?

ஜெர்மனியின் செல்லுபடியாகும் மாணவர் குடியிருப்பு அட்டையோ தேசிய விசாவோ இருந்தால் தனி விசா வேண்டாம். சுவிட்சர்லாந்து ஷெங்கன் பகுதியில் 2008 டிசம்பரிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை இரண்டும் கையில் இருக்க வேண்டும், அசலாக. போனில் எடுத்த படம் போதாது. ஜெர்மனி 2023 அக்டோபரில் சுவிஸ் எல்லையில் சோதனையை மறுபடி தொடங்கியது. திரும்பி வரும் ரயிலில் போலீஸ் ஏறிக் கேட்பது சாதாரணம்.

அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, இடைக்காலச் சான்றிதழோடு இருப்பவர்கள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிட்டுப் போங்கள். அந்தச் சான்றிதழில் வகைகள் உண்டு, ஒரு வகையில் எல்லை தாண்டுவது சிக்கலாகிவிடும். நண்பர் போய்வந்தார் என்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

காப்பீடு, போன், பணம்?

காப்பீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் ஜெர்மன் மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டை இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டுக் குடிமக்களுக்கு, அதாவது இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு, அது சுவிட்சர்லாந்தில் உதவாது. சுவிஸ் மருத்துவச் செலவு தாங்க முடியாதது. சில யூரோவில் கிடைக்கும் பயணக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றியத்தின் ரோமிங் சலுகை சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது. சில ஜெர்மன் திட்டங்களில் சேர்த்திருப்பார்கள், உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லைக்கு முன்பே டேட்டாவை அணைத்துவிட்டு, வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பணம் சுவிஸ் ஃபிராங்க். கடைகளில் அட்டை செல்லும். தெருவில் வாங்கும் சின்னச் சின்னப் பொருட்களுக்கு 20, 30 ஃபிராங்க் ரொக்கம் வைத்திருந்தால் போதும்.

நாமும் வேஷம் போடலாமா? முகத்தில் வண்ணம் பூசலாமா?

வேண்டாம். ஜெர்மனியில் பார்வையாளரும் வேஷம் கட்டுவார்கள், அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படியே வருகிறார்கள். பாசலில் வேஷம் கட்டுவது பங்கெடுப்பவர்களின் உரிமை. அவர்கள் முகத்தை முழுதாக மறைக்கும் 'லார்வெ' அணிவார்கள். பார்வையாளர் சாதாரண உடையில் வர வேண்டும். பூனை மீசை வரைந்துகொண்டு போனால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் அந்த ஊர்க்காரர் மனம் வருந்தும். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, ஒரு வருடமாகத் தைத்து வரைந்து, அந்த மூன்று நாளுக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள்.

நீங்கள் குத்திக்கொள்ள வேண்டியது 'பிளாகெட்டே' என்ற உலோக வில்லை. செம்பு, வெள்ளி, தங்கம், அதற்கும் மேலே நகை போன்ற ஒன்று என்று நான்கு தரம். மாணவர்களுக்குச் செம்பு போதும். 1911 முதல் விற்கிறார்கள், அந்தப் பணம் குழுக்களுக்குப் போகிறது. விளக்குக் கூடு செய்யும் செலவு அதிலிருந்துதான் ஓரளவு ஈடாகிறது. நுழைவுச் சீட்டு எதுவும் இல்லாத திருவிழாவில் நாம் கொடுக்கும் ஒரே பங்கு இதுதான், வாங்கிவிடுங்கள்.

வில்லை வாங்காமல் நிற்பவர்கள் மீது, திருவிழாவில் எறியும் காகிதத் தூள் அதிகமாக விழும். என் முதல் வருடத்தில் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த ஊரில் முப்பது வருடமாக இருப்பவர், என் சட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உதைக் குத்தாமல் நிண்டால் சட்டைக்குள்ளயும் கடதாசி கொட்டுவாங்கள், போய் வாங்கிக்கொண்டு வாங்கோ." வாங்கிக்கொண்டு வருவதற்குள் கழுத்துக்குள் ஒரு பிடி விழுந்துவிட்டது. அறைக்கு வந்து இரண்டு வாரம் கழித்தும் ஜாக்கெட் பையிலிருந்து நீலத் துண்டுகள் வந்துகொண்டிருந்தன.

அந்தக் காகிதத் தூளை நாமும் எறியலாமா?

அதற்கு 'ரெப்லி' என்று பெயர். பார்வையாளர்கள் தங்களுக்குள் எறிந்துகொள்ளலாம். லார்வெ அணிந்து வாசித்துப் போகிறவர்கள் மேல் எறியவே கூடாது. பையாக வாங்கும்போது ஒரே நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். பல நிறம் கலந்திருந்தால் தரையிலிருந்து அள்ளியது என்று நினைப்பார்கள், உண்மையிலேயே தரையிலிருந்து அள்ளி எறிவது அங்கே பெரிய தப்பு. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஃபிளாஷ் இல்லாமல். மோர்கெஷ்ட்ராய்க்கின் உயிரே அந்த இருட்டுதான். ஒரே ஒரு ஃபிளாஷ் அடித்தால் சந்து முழுக்க அது கலைந்துபோகிறது. போன் திரையின் வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள். முதல் பத்து நிமிடம் போனைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். அப்புறம் படம் எடுக்க மூன்று நாள் இருக்கிறது.

குளிர் எப்படி இருக்கும்?

பிப்ரவரி விடியற்காலை, பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டி. நடந்தால் தெரியாது, ஒரே இடத்தில் கல் பாவிய தெருவில் இரண்டு மணி நேரம் நிற்கும்போதுதான் உள்ளங்காலிலிருந்து ஏறும். தடித்த அடிப்பகுதி உள்ள ஷூ, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, உள்ளே தெர்மல். சின்ன பிளாஸ்கில் சூடாக ஏதாவது. பெரிய முதுகுப்பை வேண்டாம், அந்தச் சந்துகளில் திரும்பவே இடம் இருக்காது.

எங்கே நிற்பது?

மார்க்ட்பிளாட்ஸ், பார்ஃபுசர்பிளாட்ஸ் இரண்டும் எல்லோரும் போகும் இடம், மூச்சுத் திணறும். ஸ்பாலென்பெர்க் மேடு, நாடெல்பெர்க் பக்கத்துச் சந்துகள் எனக்குப் பிடித்தவை. சுவர்கள் நெருங்கியிருப்பதால் மேளச் சத்தம் சுற்றிச் சுற்றி வரும். 3 மணிக்குள் போய்விடுங்கள். குழு வரும்போது சுவரோடு ஒட்டி வழி விடுங்கள், நடுவே குறுக்கே நடக்காதீர்கள். உள்ளேயிருப்பவர்களுக்கு லார்வெயின் சின்னக் கண் ஓட்டை வழியாக நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

அங்கேயே இன்னொரு அருமையான பழக்கம் உண்டு, 'கெஸ்லே'. பிடித்த குழுவின் பின்னால், அவர்கள் நடையிலேயே மெதுவாக, எங்கே போகிறார்கள் என்று தெரியாமல் கூடவே நடப்பது. யாரும் தடுக்க மாட்டார்கள். கூடவே ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள், ஊரின் பின்பக்கச் சந்துகளெல்லாம் தெரிந்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். விடியற்காலையில் எல்லோரும் குடிப்பது வறுத்த மாவு சூப். கோதுமை மாவைப் பழுப்பாகும் வரை வறுத்துச் செய்வது, மேலே சீஸ் தூவித் தருவார்கள். பல இடங்களில் மாட்டெலும்புச் சாறில்தான் வைப்பார்கள். வெங்காய வேயே என்ற அடைபோன்ற பண்டத்தில் பன்றிக் கொழுப்புத் துண்டு இருக்கக்கூடும். சீஸ் வேயேயில் இறைச்சி இருக்காது, முட்டை இருக்கும். பேக்கரியில் கிடைக்கும் ஃபாஸ்டன்வேயே, சீரகம் போன்ற கேரவே விதை தூவிய மென்மையான ரொட்டி, வெண்ணெய் சாப்பிடுகிறவர்களுக்கு நல்லது. நனிச்சைவர்கள் கையில் கட்டிக்கொண்டு போவது நிம்மதி.

மொழி தெரியாமல் கேலி எப்படிப் புரியும்?

முழுதாகப் புரியாது. எல்லாம் பாசல் வட்டார மொழியில் இருக்கும், என்னோடு வந்த ஜெர்மன் நண்பர்களுக்கே பாதிதான் புரிந்தது. ஆனால் விளக்குக் கூட்டு ஓவியங்கள் பேசிவிடும். திங்கள் மாலையிலிருந்து புதன் காலை வரை அவற்றைப் பேராலயச் சதுக்கத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறார்கள். இருட்டிய பிறகு உள்ளே ஒளியேற்றியிருக்கும். பக்கத்தில் நின்று தூரிகைக் கோடு வரை பார்க்கலாம். பயணத்துக்கு முந்தைய வாரம் சுவிஸ் செய்திகளைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், பாதிப் படங்கள் விளங்கும்.

நம்மைப் போன்ற நிறத்தவரைக் கேலி செய்வார்களா?

இதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்வி. என்னிடம் யாரும் தவறாக நடந்ததில்லை. ஆனால் பிற இனத்தவரை மிகைப்படுத்திக் காட்டும் பழைய பாணி லார்வெகளும் சின்னங்களும் அங்கே இருந்திருக்கின்றன, அவை சரியா என்று பாசல்காரர்களுக்குள்ளேயே பலத்த வாதம் நடந்திருக்கிறது. ஊர்வலங்களில் அதிகம் தென்படும் பெரிய மூக்கு 'வாகிஸ்' உருவமே பக்கத்து அல்சாஸ் விவசாயியைக் கிண்டல் செய்யப் பிறந்ததுதான். ஏதாவது கண்ணில் பட்டு மனம் சங்கடப்பட்டால், பெருந்தன்மைக்காகச் சிரிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அடுத்த சந்துக்குப் போய்விடுங்கள், அங்கே வேறொரு குழு வாசித்துக்கொண்டிருக்கும்.

விடியற்காலையில் முடித்துவிட்டுத் திரும்பலாமா, ஊர்வலத்துக்கும் இருக்கலாமா?

உடம்பு சொல்வதைக் கேளுங்கள். பெரிய ஊர்வலம் திங்களும் புதனும் மதியம் 1.30க்குத் தொடங்கும். வாகிஸ்கள் வண்டியிலிருந்து ஆரஞ்சு, மிட்டாய், மஞ்சள் மிமோசாப் பூ எல்லாம் கொடுப்பார்கள். செவ்வாய் குழந்தைகளின் நாள், அன்று மாலை பித்தளை வாத்தியக் குழுக்களின் கச்சேரி. குழந்தையோடு இருக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்குச் செவ்வாய்தான் நல்லது.

நான் வழக்கமாகச் செய்வது: 4 மணி முதல் 6.30 வரை சந்துகளில் நடப்பேன். அப்புறம் மாவு சூப் கிடைக்காவிட்டாலும் சூடாக ஒரு காபி. வானம் வெளுக்கும்போது நடுப்பாலத்துக்கு வருவேன். லார்வெயைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வியர்த்த முகத்தோடு, மேளத்தைத் தோளில் தொங்கவிட்டபடி வேலைக்குப் போகிறவர்கள் போல நடந்து போவார்கள். ஆற்றில் மூடுபனி இருக்கும். அங்கிருந்து பாடிஷர் நிலையம், 8 மணிக்கு முன்னால் ஒரு வட்டார ரயில், பாஸ்போர்ட் மேல்பையில், கால் நீட்டித் தூங்க ஜன்னலோர இடம்.